புழுக் கிராணி

எங்கள் வீட்டில் சாப்பிட்ட காலம் முழுவதும் அந்த மனிதர் என் சமையலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கெட்ட வார்த்தையும் சொன்னதில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். குறை சொன்னாலாவது திருப்பிச் சண்டை போடலாம். "குழம்பு எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டால், சோற்றைப் பிசைந்துகொண்டே, "செமிக்கட்டும் அக்கா, பாப்பம்" என்பார். மறுநாள் காலையில் வந்து செமித்ததா இல்லையா என்று சொல்வாரா என்றால் அதுவும் கிடையாது.

மலாயாவில் சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் டிரஸராக, அதாவது காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுப்பவராக, இருந்தார். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார்; மற்ற நாளெல்லாம் எங்கள் வீட்டுக்காரர்தான் டாக்டர். ரப்பர் விலை அடிமட்டத்துக்கு விழுந்து, கூலியைக் குறைத்து, பாதி ஜனங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். அந்த நேரத்தில் விவசாய இலாகாவிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். மண்ணைத் திருத்த வருகிறார், மரத்துக்கு மருந்து போட வருகிறார் என்றெல்லாம் பேச்சு. வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வயதிருக்கும். வெள்ளைக் கால்சட்டை, குடை, ஒரு தகரப் பெட்டி. அவருக்குத் தங்க ஆஸ்பத்திரிக் கோடி அறை, சாப்பாட்டுக்கு எங்கள் வீடு என்று ஏற்பாடாயிற்று.

அவர் வேலை என்னவென்று தெரிந்த அன்று எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பாதையோரத்துக் களைச்செடிகளின் இலைகளில் வெள்ளைக் கோடு கோடாக இருக்குமே, பார்த்திருப்பீர்கள். யாரோ சுண்ணாம்பில் விரலைத் தொட்டுக் கிறுக்கியதுபோல வளைந்து வளைந்து போகும். நாங்கள் அதை நத்தை நடந்த தடம் என்று நினைத்திருந்தோம். அது நத்தை இல்லையாம். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் ஒரு புழு உட்கார்ந்துகொண்டு, பச்சையைத் தின்றபடி சுரங்கம் தோண்டிப் போகிறதாம். அது எந்தப் புழு, எந்த ஈயின் பிள்ளை என்று கண்டுபிடிக்கத்தான் சர்க்கார் இவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. மனிதர்கள் சோற்றுக்குத் திண்டாடும்போது ஈக்குக் குலம் கோத்திரம் விசாரிக்க ஓர் உத்தியோகம்!

அதிலும் எல்லாச் செடியும் கிடையாது. சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுச் செடிகள் மட்டும். மூக்குத்திப்பூண்டு, முயல்செவி, கரிசலாங்கண்ணி. இதெல்லாம் சாமந்திக்குச் சொந்தம் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. "பூவைப் பிரிச்சுப் பாருங்கோ. ஒரு பூ எண்டு நினைக்கிறியள், அது ஒரு கூட்டம்" என்று மூக்குத்திப்பூண்டின் பூவைப் பிய்த்து என் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பூ கூட்டமோ தனியோ, என் அடுப்படியில் குப்பை போட்டது மட்டும் எனக்குத் தெரிந்தது.

கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துச் சனங்கள் ஒரே வாரத்தில் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். புழுக் கிராணி. தோட்டத்தில் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். அவருக்கு இந்தப் பெயர் தெரியும். கோபப்பட்டதில்லை.

என் வீட்டிலிருந்த கண்ணாடிச் சாமான்களுக்கெல்லாம் அன்றிலிருந்து சனி பிடித்தது. ஜாம் போத்தல் போயிற்று. விளக்குச் சிம்னி இரண்டு போயின. கொசுவலையில் ஓர் ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஒருநாள் எலுமிச்சை ஊறுகாய் தட்டில் பரிதாபமாக உட்கார்ந்திருக்கிறது, போத்தலைக் காணோம்.

"என்ன தம்பி, என் ஊறுகாயை வெளியே தள்ளிட்டு அதுல யாரைக் குடி வச்சிருக்கீங்க?"

"இப்ப சொல்லேலாது அக்கா. வெளியில வரட்டும், பாப்பம்."

அவருடைய வேதமே அந்த ஒரு வாக்கியம்தான். கோடு விழுந்த இலையைப் பறித்துவந்து போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, கோடி அறை ஜன்னலில் வரிசையாக வைத்துவிடுவார். உள்ளே இருக்கும் புழு தின்று பெருத்து, எள்ளு மாதிரிக் கூடாகி, அதிலிருந்து ஈ வெளியே வரவேண்டும். வந்த பிறகுதான் அதன் பெயரைச் சொல்வார். அதற்கு முன் தலையில் அடித்துக் கேட்டாலும் வாய் திறக்கமாட்டார்.

ஆனால் புழு உள்ளே இருக்கும்போதே அவருக்கு ஏகப்பட்ட விஷயம் தெரியும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இலையை வெயிலுக்கு நேரே பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். பார்க்கும்போது மூக்கால் ஒரு தேவாரம் பாடுவார். என் தையல் ஊசியால் கோட்டைக் கீறிப் புழுவை எடுத்து எனக்கும் காட்டியிருக்கிறார். தலை என்று ஒன்றே இல்லை. கறுப்பாக ஒரு கொக்கி மட்டும் முன்னால் இருந்தது. தலை இருந்தால் அது ஈயின் புழு இல்லை, அந்துப்பூச்சியின் புழுவாம். அதைவிடப் பெரிய அடையாளம் அது போட்டுவைத்த எச்சம். ஈயின் புழு ஒருக்களித்துப் படுத்துத் தின்னும், அலுத்தால் மறுபுறம் புரளும். அதனால் எச்சம் கோட்டின் இந்த ஓரத்தில் கொஞ்சம், அந்த ஓரத்தில் கொஞ்சம் என்று மாறிமாறிக் கிடக்கும். அந்துப்பூச்சியின் புழு நடுவழியில் நேராகப் போட்டுக்கொண்டு போகும்.

"பீயைப் பாத்துப் பேர் சொல்ற உத்தியோகமா தம்பி?" என்றேன்.

"பேர் இல்லை அக்கா, இனம் மட்டும்தான். பேர் சொல்லுறதெண்டால் வெளியில வரோணும்" என்றார், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

இந்த வியாதி புழுவோடு நிற்கவில்லை. மேற்கே வானம் மைக்கறுப்பாக நிற்கும். கொடியில் துணி காயும். நான் அடுப்படியில் இருந்து, "தம்பி, மழை வருமா பாருங்க" என்று கத்துவேன். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "சொல்லேலாது" என்பார். அதற்குள் துணியெல்லாம் தொப்பலாக நனைந்திருக்கும். நான் வெளியே ஓடிவந்தால், "ஓம் அக்கா, மழைதான்" என்று உறுதி செய்வார்.

நான் முழுகாமல் இருந்தபோது லயத்துப் பெண்கள் வயிற்றைப் பார்த்து ஆண்பிள்ளை என்று ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் டிரஸர் என்கிற மரியாதையைக் காற்றில் விட்டு அதையே சொன்னார். ஊரே ஒன்று சொல்கிறதே, இந்த மனிதர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று கேட்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். பிறந்தது பெண். மூன்றாம் நாள் வந்து தொட்டிலில் எட்டிப் பார்த்தார். "பொம்பிளைப்பிள்ளை எண்டு அண்ணை சொன்னவர்" என்றார். என் வீட்டுக்காரர் சொன்னதைக்கூட முழுதாக நம்பவில்லையோ என்னவோ, தெரியாது.

வம்பு வந்தது பங்களாவிலிருந்து.

எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பெண்டாட்டி துரைசாணிக்குப் பூந்தோட்டம் என்றால் உயிர். பங்களா முன்னால் சாமந்தி போட்டிருந்தார். ஒருநாள் அந்தச் சாமந்தி இலையிலும் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. அவர் ஊரில், அவர் அப்பா வீட்டுச் சாமந்தியிலும் இதே கோடு விழுந்து எல்லாம் பட்டுப்போயிற்றாம். உடனே தோட்டக்காரனை விட்டுக் கோடு விழுந்த இலையையெல்லாம் கிள்ளிக் கொளுத்தச் சொன்னார். பிறகு குதிரையேறி ஒரு சுற்று வந்தார். லயத்துக்குப் பின்னால் சனங்கள் போட்டிருந்த காய்கறித் தோட்டத்து வரப்பெல்லாம் முயல்செவியும் கரிசலாங்கண்ணியும் மண்டிக் கிடக்கின்றன. அத்தனை இலையிலும் கோடு. அவ்வளவுதான். கண்டுபிடித்துவிட்டார். லயத்துப் புழுதான் பங்களாவுக்கு ஏறி வந்திருக்கிறது. அந்தப் புழு மண்ணில் விழுந்து கூடு கட்டும் என்பதால், லயத்துத் தோட்டம் முழுவதையும் வெட்டிப் புரட்டி நெருப்பு வைக்கவேண்டும்.

அந்தத் தோட்டம் இல்லாவிட்டால் அன்றைக்கு லயத்தில் அடுப்பு எரியாது. அதைச் சொல்லவேண்டும். கூலி பாதியான பிறகு மரவள்ளியும் கீரையும் பூசணியும்தான் பாதிச் சாப்பாடு. காத்தாயி என்று ஒருத்தி, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். புருஷன் மலேரியாவில் எங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தான், மூன்று பிள்ளைகள். அவள் தோட்டத்தில் பூசணி பிஞ்சு விட்டிருந்தது. பால் வெட்டிவிட்டு வந்து, ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றுவாள். அந்தப் பூசணிக்குத்தான் துரைசாணி நெருப்பு வைக்கச் சொன்னார்.

துரை முரட்டு ஆள்தான். ஆனால் சனங்கள் பட்டினி கிடந்தால் பால் வெட்ட ஆள் எழுந்து வராது என்கிற கணக்குத் தெரிந்தவர். பெண்டாட்டிக்கும் லயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர், கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். துரைக்குத் தமிழ் தெரியும், மரியாதை தெரியாது. தோட்டத்தில் கற்ற தமிழ்.

"ஏய் டிரஸர், அந்தப் புழு மேன் எங்கே? நீ பார், மேன். பங்களாப் புழு, லயத்துப் புழு, ரெண்டும் ஒண்ணா வேறயா? நீ ஒண்ணுன்னு சொன்னா அன்னிக்கே நெருப்பு. நீ சொல்ற வரைக்கும் ஒருத்தனும் மம்பட்டி வைக்கப்படாது."

நம்மவரும் குடையை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார். துணைக்கு என் வீட்டுக்காரர். துரைசாணி கொளுத்தியது போக, ஒரே ஓர் இலை மிச்சம் இருந்ததாம். புழு உயிரோடு உள்ளே இருந்ததும் அது ஒன்றில்தானாம். அதை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். தேவாரம் ஆரம்பமாயிற்று. பிறகு நடுவில் சட்டென்று நின்றுவிட்டது.

"பாட்டு நின்னுபோச்சு புள்ள" என்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மூஞ்சி செத்துப்போச்சு. ஒரே புழுதான்னு நினைக்கிறேன்."

அன்றிரவு அவருக்கு இறால் சம்பால் செய்தேன். வாழைக்காய் பொரித்தேன். இலையைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, வேறன்னு ஒரே வார்த்தை சொல்லிருங்க. புழுவா வந்து கோர்ட்டுல கேஸ் போடப்போகுது?" என்று கேட்டேன்.

"நான் பொய் சொல்லேலாது அக்கா."

"பொய் சொல்ல வேணாம். உண்மையச் சொல்லாம இருங்க."

"எனக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. வெளியில வரட்டும்." சம்பாலை நன்றாகத்தான் சாப்பிட்டார்.

மறுநாள் காத்தாயியே வந்தாள். கோடி அறை வாசலில் நின்றுகொண்டு பால்வாளியை நங்கென்று கீழே வைத்தாள். "ஐயா, எம்புள்ளைங்க பூசணிப் பிஞ்சத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு வருதுங்க. உங்க ஈ நல்லாயிருக்கணும், எம்புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?" என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலில் பங்களா இலையும் லயத்து இலையும் இருந்த இரண்டு போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் போனதும் நான் என் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கல்நெஞ்சு என்றேன், யாழ்ப்பாணத்துப் பனங்கொட்டை என்றேன்.

அந்த நாட்களில் தோட்டமே அவர் ஜன்னலை எட்டிப் பார்த்துக்கொண்டு போயிற்று. பிரசவ வலியில் கிடப்பவள் வீட்டு வாசலில் நிற்பதுபோல, "வந்துருச்சா, வந்துருச்சா" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். லயத்துப் போத்தலில் முதலில் வந்தது: சிறுசு சிறுசாக மஞ்சளும் கறுப்புமாக ஈக்கள். பங்களாப் போத்தலில் அந்த எள்ளு அப்படியே கிடந்தது. கிடந்தது, கிடந்தது, ஒரு காலையில் துணிக்கு அடியில் ஏதோ ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

ஆள்விட்டுச் சொன்னதும் துரை வந்துவிட்டார். கூடத் துரைசாணியும். ஆஸ்பத்திரி வாசலில் மேசை போட்டு இரண்டு போத்தலும் வைக்கப்பட்டன. நான் கதவுக்குப் பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். காத்தாயி புருஷனைப் பார்க்க வந்தவள்போல ஜன்னலோரம் நின்றாள். துரை குனிந்து பார்த்தார். நானும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். பங்களாப் போத்தலில் இருந்தது ஈயே இல்லை. கறுப்பாக, மினுமினுப்பாக, நூல்போல இடுப்பும் நீண்ட மீசையுமாக இருந்தது. லயத்து ஈக்கும் அதற்கும் எட்டாத தூரம்.

"வேற!" என்றார் துரை. கையைத் தட்டினார். "குருடனுக்கும் தெரியும். வேற. முடிஞ்சுது."

என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. காத்தாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால் கதை முடிந்தது. புழுக் கிராணி தொண்டையைக் கனைத்தார்.

"பொறுங்கோ சேர்."

பாவி! கையில் பிள்ளை மட்டும் இல்லாவிட்டால் ஓடிப்போய் அந்தப் போத்தல் துணியை அவர் வாயில் அடைத்திருப்பேன்.

"இது இலையைத் திண்டதில்லை சேர். இலையைத் திண்டதைத் திண்டது. இது குளவி. புழு இலைக்குள்ள இருக்கேக்கையே அதின்ர உடம்புக்குள்ள முட்டை போட்டிருக்கு. அதைத் திண்டு முடிச்சுப்போட்டு, அதின்ர கூட்டுக்குள்ளால வந்திருக்கு. இதை வச்சு வேறயெண்டு சொல்லேலாது."

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. துரைசாணி ஏதோ இங்கிலீஷில் கேட்க, அவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"அப்போ ஒண்ணா?"

"அதுவும் சொல்லேலாது."

"என்ன மேன் நீ! எப்போ சொல்லுவே?"

"வெளியில வரட்டும் சேர்."

"எது வரணும்? எல்லாம் வந்தாச்சே!"

"தின்னுப்பட்டது வரோணும்" என்றார் அவர், நிதானமாக.

துரை போத்தலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். புழுவைத்தான் குளவி தின்றாயிற்றே, அது எங்கே வரப்போகிறது? வேறு இலை கொண்டுவா என்று தோட்டக்காரனை அதட்டினார். துரைசாணிதான் எல்லாவற்றையும் கொளுத்தச் சொன்னாரே என்று அவன் தலையைச் சொறிந்தான். துரை பெண்டாட்டி பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்குகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பிறகு தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"சரி. நான் முன்னாடி சொன்னதுதான் ஆர்டர். இவன் சொல்ற வரைக்கும் ஒருத்தனும் மம்பட்டி வைக்கப்படாது."

அவர்கள் போனதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "துரையே வாய் திறந்து வேறன்னு சொன்னாரே, அதைக் கெடுத்தீங்களே! இப்ப என்ன, தலைக்கு மேல கத்தி தொங்கிக்கிட்டே இருக்கணுமா?" அவர் குளவிப் போத்தலை ஜன்னலில் திரும்ப வைத்தார். துணி முடிச்சைச் சரிபார்த்தார். அன்று அவருக்கு வெறும் ரசம்தான் ஊற்றினேன்.

என் மரமண்டைக்கு விஷயம் ஏறக் கொஞ்ச நாள் பிடித்தது. வேறு என்று சொல்லியிருந்தால், அடுத்த மழையில் பங்களாச் சாமந்தியில் லயத்து ஈ உட்கார்ந்த அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். தோட்டமும் போயிருக்கும், அவர் வேலையும் போயிருக்கும். ஒன்றுதான் என்றால் அன்றே நெருப்பு. இப்போதோ அவர் சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது. தின்னப்பட்டது வரும்வரை அவர் சொல்லமாட்டார். துரைசாணி கோபத்தில் சாமந்தியையெல்லாம் வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டுக் கல்வாழை நட்டார். இனிப் பார்க்க இலைகூடக் கிடையாது.

இதையெல்லாம் அவர் யோசித்துச் செய்தாரா, அல்லது வழக்கமான வியாதிதான் அன்றைக்கு நல்லதாக வாய்த்ததா? எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இதில் பலநாள் வாக்குவாதம். "அவருக்கு அவ்வளவு சூது கிடையாது புள்ள" என்பார் அவர். எனக்கோ அந்த நின்றுபோன தேவாரம் காதிலேயே இருந்தது.

பூசணி முற்றியதும் காத்தாயி முதல் காயைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "புழு ஐயாவுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டாள். அவள் புருஷன் அதற்குள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தான். நான் அதைக் கீற்றுப் போட்டு, தேங்காய் அரைத்துவிட்டு, அவருக்குப் பிடிக்குமே என்று கொஞ்சம் கருவாடும் சேர்த்துக் குழம்பு வைத்தேன். எங்கிருந்து வந்த காய் என்று மட்டும் சொன்னேன். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. எத்தனை நாள்தான் கேட்டு அவமானப்படுவது?

ஒரு வாய் வைத்தார். விழுங்கக்கூட இல்லை.

"நல்லாயிருக்கு அக்கா."

எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது. கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது. நான் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது.

"என்ன தம்பி, செமிக்க வேணாமா?" என்றேன். "அப்ப அந்தப் பங்களாப் புழு... அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்தானே..."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. இலையை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.

"இன்னும் ரெண்டு துண்டு பூசணிக்காய் போடுங்கோ அக்கா."

போட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டதில்லை.